எர்னஸ்டின் டீச்சர் அட்டையில் ஒரு வரி பாக்கி

1

இந்தக் கதை ஓர் அட்டைக்காக எழுதத் தொடங்கியது. உள்ளங்கை அகல அட்டை. முன்பக்கம் போட்டோ, பின்பக்கம் பிறந்த தேதி, இறந்த தேதி, சின்னதாக ஒரு ஜெபம், நாலு வரியில் ஒரு வாழ்க்கை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று ஆளுக்கொன்று கொடுப்பார்கள். வாங்கினவர்கள் பைபிளுக்குள்ளோ பர்ஸுக்குள்ளோ வைத்துக்கொள்வார்கள். அந்த நாலு வரியை எழுதும் வேலை ஜாஸ்மினுக்கு வந்தது. செத்துப்போனது அவளுடைய ஆயா எர்னஸ்டின், அம்மாவைப் பெற்றவர். ஜாஸ்மினுக்கு வயது பதினாறு, தமிழில் நல்ல மார்க் வாங்குவாள். வேறு காரணம் எதுவும் இல்லை.

மூன்று வரி எழுதிவிட்டாள். நாலாவது வரவில்லை. ஏன் வரவில்லை என்று ரஃப் நோட்டில் எழுதிப் பார்க்கப் போய், அது இவ்வளவு நீளமாகிவிட்டது.

(முதலில் 'நான்' என்றுதான் எழுதினாள். அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் கை நின்றுவிட்டது. அதனால் 'அவள்' என்று மாற்றிக்கொண்டாள். 'அவள்' கொஞ்சம் தைரியசாலி. மணி ஒன்றரை ஆகிறது, அடுத்த அறையில் அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. இந்த நேரத்தில் தைரியம் எங்கிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.)

2

தொடக்கம் ஒன்று:

பட்டினப்பாக்கம் கடலோரத்தில் ஓர் எளிய மீனவக் குடும்பத்தில் பிறந்து, தன் விடாமுயற்சியால் —

அடித்துவிட்டாள். ஆயா காதில் விழுந்திருந்தால், "எளிய குடும்பம்னு யாருடி சொன்னது? எங்கப்பாவுக்கு ரெண்டு கட்டுமரம் இருந்துச்சு, வாய் நாலு இருந்துச்சு" என்றிருப்பார்.

தொடக்கம் இரண்டு:

கணக்கு என்றாலே நடுங்கும் பிள்ளைகளுக்கு ஒரு தாயாக —

இதையும் அடித்தாள். பெற்ற இரண்டு பேரைத் தவிர அவர் யாருக்கும் தாயாக இருந்ததில்லை. அந்த இரண்டு பேருக்குமே அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

தொடக்கம் மூன்று:

டீச்சரின் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும்.

இது நின்றது. இதிலிருந்தே போகலாம். (இனி ஆயா என்று எழுதாமல் டீச்சர் என்றே எழுதப்போகிறாள். ஆயா என்று எழுதினால் கண் கலங்குகிறது, கோடு கோணலாகிறது.)

பஸ்ஸில் போகும்போதும், மீன் கழுவும்போதும், பூசையில் முழங்காலிடும்போதும் அந்தப் பென்சில் கொண்டையில் இருக்கும். பிளேடால் சீவிய பென்சில். ஷார்ப்பனர் வைத்தால் முனை சீக்கிரம் ஒடியும் என்பது டீச்சர் கட்சி. சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, அடையாறு பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் கணக்கு எடுத்தார். அத்தனை வருடமும் பிள்ளைகளின் தாளில் மார்க் போட்டது பென்சிலால்தான். வந்த தலைமையாசிரியர்கள் எல்லாரும் இதற்காகச் சண்டை போட்டார்கள். ரிஜிஸ்டரில் அவர்களுக்காகப் பேனா, பிள்ளைகள் கைக்குப் போகிற தாளில் பென்சில் என்று டீச்சர் ஒரு சமாதானம் செய்துகொண்டார்.

"நேத்து நீ எங்க இருந்தியோ அதுக்குத்தான் இந்த மார்க்கு. நாளைக்கு வந்து திருப்பிப் போட்டுக் காட்டு, அழிச்சிட்டு மாத்திடறேன்." எல்லாரிடமும் சொல்வது இதுதான்.

பிள்ளைகள் வருவார்கள். தப்பான கணக்கை மறுபடி போட்டுக் காட்டுவார்கள். டீச்சர் பழைய மார்க்கை ரப்பரால் அழித்து, ஊதிவிட்டு, புது மார்க் போடுவார். இருபத்தெட்டு நாற்பதாகும், நாற்பது ஐம்பத்தைந்தாகும். இந்தப் பிள்ளைக்கு இனி நான் வேண்டாம் என்று டீச்சருக்கே தோன்றும் நாளில் மட்டும், பென்சில் மார்க்கை அழித்துவிட்டு அதே இடத்தில் நீலப் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிள்ளைகள் மொழியில் அது 'பேனா போடறது'. டீச்சர் பேனா போட்டுட்டாங்க என்றால் முடிந்தது. இனி அவரிடம் வர வேண்டியதில்லை. பேனா வாங்கின பிள்ளை மறுநாள் தேன்மிட்டாய் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுக்கும். ரிடையர் ஆன பிறகு மந்தைவெளி வீட்டு மொட்டைமாடியில், பத்தாவதில் கணக்கில் பெயிலாகிப் போன பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோதும் இதே சட்டம்தான்.

(வாசகரே, இந்த ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பென்சில் என்றால் திரும்பி வா. பேனா என்றால் முடிந்தது.)

3

நாலாவது வரியைப் பிரபாகர் மாமா ஏற்கெனவே எழுதிவிட்டார். டீச்சரின் மகன், ஜாஸ்மினுடைய அம்மாவுக்கு அண்ணன். நங்கநல்லூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினார்.

'எந்தப் பிள்ளையையும் கைவிடாத ஆசிரியை.'

"எப்டி?" என்றார்.

"நல்லாத்தான் கீது" என்றாள் அம்மா. அம்மா பெயர் ஏஞ்சல். "ஆனா பெத்த பொண்ணுக்கு முப்பத்திநாலு போட்ட ஆசிரியைன்னும் சேத்துக்கோ."*

"இந்த வரி வேணாம் மாமா" என்றாள் ஜாஸ்மின்.

"ஏன், இன்னா கொற?"

"எல்லா அட்டைலயும் போடற மாதிரி இருக்கு."

"எல்லாருந்தான் சாவறாங்க. புதுசா எதுனா செத்துக் காட்ட முடியுமா? போடும்மா. அம்மாவப் பத்தி இந்த ஒண்ண மட்டும் யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க."

 இல்லையென்று சொல்ல ஓர் ஆள் இருந்தது. அந்த ஆள் அப்படிச் சொல்லக் காரணமான இன்னோர் ஆள், மாமாவுக்கு எதிரே காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

* அம்மாவும் டீச்சருடைய வகுப்பில்தான் படித்தாள். அரையாண்டில் முப்பத்திநாலு. பாஸுக்கு ஒரு மார்க் குறைவு. வீட்டில் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். டீச்சர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் அம்மா அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுபோய் அடுப்படியில் நீட்டியதும், கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, கரண்டியைக் கீழே வைக்காமல் முப்பத்தொன்பதாக மாற்றினாராம். "அன்னிக்கு வஞ்சரம் நடுத்துண்டு எனக்கு வெச்சா" என்று அம்மா சொல்லும்போது இன்னமும் கோபமா பெருமையா என்று தெரியாது.

4

பீர் முஹம்மது தினமும் போன் செய்தார். லஸ் பக்கம் ஒரு சந்தில் அச்சகம் வைத்திருப்பவர். டீச்சரிடம் படித்தவர். ஐம்பது வயதாகிறது, இன்னும் டீச்சர் பேரைச் சொல்லும்போது குரலில் பெஞ்சை விட்டு எழுந்து நிற்கிற மாதிரி ஒன்று வந்துவிடும்.

"பாப்பா, மேட்டர் இன்னாச்சு? ஞாயித்துக்கெழம பூச. சனிக்கெழம அஞ்சு மணிக்கு மேல நான் மிஷின் ஓட்ட மாட்டேன்."

"ஒரு வரி பாக்கி அங்கிள்."

"ஒரு வரிக்கா நாலு நாளு? டீச்சர் இருந்திருந்தா உன்ன பெஞ்சு மேல ஏத்தியிருப்பாங்க." பிறகு, கேட்காமலே சொன்னார்: "எனக்குப் பேனா போட்டது எழுவத்திரெண்டு. அந்தப் பேப்பர லேமினேட் பண்ணிக் கடைல மாட்டிருக்கேன். வந்தா பாரு."

இதுவரை எழுதியதை அவள் திரும்பப் படித்துப் பார்த்தாள். டீச்சர் ரொம்ப நல்லவராக வந்திருந்தார். இப்படி ஒருவரை அவளுக்குத் தெரியாது. கேரம்போர்டில் தோற்றால் இரண்டு நாள் பேசாதவரைத்தான் தெரியும். பள்ளியில் திருத்தமான தமிழும் வீட்டில் கடற்கரைத் தமிழும் பேசியவரை. மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டதற்காக எட்டு மாதம் வாசல் மிதிக்காமல் இருந்து, ஒன்பதாம் மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து பேப்பர் திருத்தியவரை. நர்ஸ் வந்து, பெண் குழந்தை என்றதும், "இருங்க, இந்தப் புள்ள கணக்கு பாதில நிக்கிது, முடிச்சிட்டு வரேன்" என்றாராம். அந்தப் பெண் குழந்தைதான் இதை எழுதுகிறது. பிறந்த அன்றைக்கே ஒரு கணக்குக்குப் பின்னால் காத்திருந்தவள்.

(அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. இருக்கலாம் என்று தோன்றுவதால் எழுதிவைத்தாள்.)

5

இந்தப் பகுதியைத்தான் நாலு நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

டீச்சருக்குச் சர்க்கரை. போன வருடம் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, பார்வையின் நடுவில் ஒரு கறுப்பு வந்துவிட்டது. "சுத்தி இருக்கறதெல்லாம் தெரியுதுடி. நான் எத்தப் பாக்கறனோ அது மட்டும் தெரியல" என்றார். பேத்தியிடம் மட்டும்தான் சொன்னார். மகளுக்குத் தெரிந்தால் மொட்டைமாடி வகுப்பு நின்றுவிடும்.

அதனால் ஓர் ஏற்பாடு. சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு ஜாஸ்மின் விடைத்தாள்களை வரி வரியாகப் படிப்பாள். டீச்சர் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "அந்த ஸ்டெப்புக்கு ஒண்ணு குடு. படம் போட்டுருக்குதா? அதுக்கொண்ணு." அவள் பென்சிலால் எழுதுவாள், டீச்சர் எழுத்திலேயே. ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு, மூன்றுக்குத் தட்டையான தலை. கையெழுத்தும் பழகிவிட்டது. காது டீச்சருடையது, கை பேத்தியுடையது. ஒருவருக்கும் தெரியவில்லை.

கயல் அப்போதுதான் வந்தாள். பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பு, வயது பதினெட்டு, பத்தாவது கணக்கில் இரண்டு முறை போனவள். ஜூலையில் துணைத் தேர்வு.

(முதல் வரைவில் கயலைக் கிழிந்த பையோடு கண் கலங்கி நிற்கவைத்திருந்தாள். பொய். கயல் யார் முன்னாலும் கண் கலங்குகிறவள் இல்லை. அப்படி எழுதினால் தன் மேல் கோபம் குறையும் என்று நினைத்து எழுதியது. அடித்தாயிற்று.)

கலங்கரை விளக்கத்து உச்சியிலிருந்து படகைப் பார்க்கிற கணக்கை டீச்சர் நடத்திக்கொண்டிருந்தபோது கயல் கை தூக்கினாள். "டீச்சர், இந்தக் கணக்கு எழுதனவன் கடலப் பாத்துக்கிறானா? நீ கோணம் அளக்கறவரிக்கும் படகு அங்கியே நின்னுக்கினு இருக்குமா?" டீச்சர் சிரித்த சிரிப்பில் கொண்டை அவிழ்ந்து பென்சில் கீழே விழுந்தது. பேத்தி சொன்ன எதற்கும் டீச்சர் அப்படிச் சிரித்ததில்லை. அது அன்றைக்கு ஜாஸ்மின் மனதில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தது.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. தோழி மாளவிகாவுக்குப் பிறந்தநாள், ஐந்து மணிக்கு எல்லாரும் பெசன்ட் நகர் பீச்சில். கட்டில் மேல் கயலின் மாதிரித் தேர்வுத் தாள். டீச்சர் மாத்திரை போட்டுக்கொண்டு அசந்துவிட்டார். "எழுந்தப்பறம் படிச்சுக் காட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார். நாலரை ஆனது, எழவில்லை. கீழே கேட்டருகே கயல் நின்று, "பேத்தி, பேப்பர் ரெடியா?" என்று கூப்பிட்டாள்.

ஜாஸ்மின் தானே திருத்தினாள். வேகவேகமாக. கடைசி இரண்டு பக்கத்தைப் புரட்டினாள், படிக்கவில்லை. முப்பத்தொன்று என்று எழுதப் போனபோது பென்சில் முனை ஒடிந்தது. பிளேடு கண்ணில் படவில்லை. பையில் நீலப் பேனா இருந்தது.

நான்தான் போட்டேன்.

(இதை 'அவள்தான் போட்டாள்' என்று மாற்ற வேண்டும். இரண்டு முறை அழித்து எழுதினாள். மறுபடியும் இப்படியேதான் வருகிறது. இருக்கட்டும்.)

நீலப் பேனாவில் முப்பத்தொன்று. கீழே டீச்சரின் கையெழுத்து. மடித்துக் கயலின் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். பீச்சில் கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான், தான் எதால் எழுதினோம் என்பது உறைத்தது. கயல் திங்கட்கிழமை வருவாள், சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கயல் வரவில்லை.

6

"கயல் எங்கடி?"

"ஊருக்குப் போயிருக்காளாம் ஆயா."

அவளுக்கு எந்த ஊர்? பிறந்ததும் வளர்ந்ததும் கடற்கரை. டீச்சர் நம்பினாரா தெரியாது. ஒரு வாரம் கழித்து ஆள் விட்டுக் கேட்டார். தி.நகரில் சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று தகவல் வந்தது. ஜூலை வந்தது, துணைத் தேர்வு முடிந்தது. கயல் எழுதவில்லை.

மொட்டைமாடியில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. வகுப்பு முடிந்து அடுக்கும்போது டீச்சர் தினமும் சொல்வார்: "கயலோடத வுட்டுடு, அங்கியே கெடக்கட்டும்." மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, அந்த ஒரு நாற்காலி மட்டும் நிறம் வெளுத்துப் போய்விட்டது.

செப்டம்பரில் டீச்சரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள், அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, டீச்சர் கேட்டார். "அந்தப் பொண்ணு பேப்பரு பென்சில்லதான கீது?"

"ஆமா ஆயா."

"அப்ப சரி. வரும்."

அதற்கடுத்த நாள் டீச்சர் இல்லை.

பெட்டியில் வைத்தபோது அம்மா கொண்டை போட்டுவிட்டு அதில் ஒரு பென்சிலைச் செருகினாள். பங்குச் சாமியார் பார்த்துவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார். கோயிலுக்கு வெளியே நிற்க இடமில்லை. முப்பத்தோரு வருடத்துப் பிள்ளைகள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில், கடை யூனிஃபார்ம் சேலையோடு கயல் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பஸ் வந்தும் ஏறவில்லை. உள்ளேயும் வரவில்லை. ஜாஸ்மின் அவளைப் பார்த்துவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

7

கதையை எப்படி முடிப்பது என்று மூன்று விதமாக யோசித்திருக்கிறாள்.

முடிவு அ: மாமாவின் வரி அச்சாகிறது. எல்லாரும் பொருத்தமான வரி என்கிறார்கள். கயலின் அம்மா ஓர் அட்டை வாங்கிக்கொண்டுபோய் மகளிடம் கொடுக்கிறாள். எந்தப் பிள்ளையையும் கைவிடாத என்று கயல் படித்துவிட்டு —

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

முடிவு ஆ: பூசை முடிந்ததும் ஜாஸ்மின் மைக் முன்னால் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறாள்.  பிறகு ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், "கண்ணு தெரியாமயா மார்க்கு போட்டுக்கினு இருந்தாங்க?" என்கிறார். அன்று ராத்திரி பீர் முஹம்மது கடைக்குப் போய் அந்த லேமினேட் பேப்பரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அவருக்குப் பேனா போட்டபோது ஜாஸ்மின் பிறக்கவே இல்லை. ஆனாலும் பார்க்கிறார். அது அவளால் தாங்க முடியாத காட்சி.

முடிவு இ: டீச்சரின் பவுடர் டப்பாவுக்குள் ஒரு சீட்டு கிடைக்கிறது. 'எனக்குத் தெரியும்டி. பரவாயில்லை.' இது படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். அவளுக்கும் பிடிக்கும். அதனால் போய் டப்பாவைத் திறந்தே பார்த்தாள். பதினொரு பென்சில் துண்டு, ஒரு ரப்பர், காகிதத்தில் சுற்றிய பிளேடு. சீட்டு எதுவும் இல்லை. அன்றைக்குத் தேடிய பிளேடு மட்டும் இருந்தது.

ஒரு பென்சில் துண்டை எடுத்துச் சீவிப் பையில் போட்டுக்கொண்டாள். சனிக்கிழமை காலை, சாமான் வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, தி.நகர் பஸ் ஏறினாள்.

8

மூன்றாவது மாடி, காட்டன் பிரிவு. கயல் மேடைக்கு அந்தப் பக்கம் நின்று சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம், காட்டனா, சில்க் காட்டனா?"

"கயல், நான் டீச்சரோட —"

"தெரியுது. அந்த மூக்கு அப்டியே கீது. எதுனா சேல பாரு. சூப்பர்வைசர் பாத்துக்கினு கீறாரு. சும்மா நின்னா என்னத்தான் கேப்பாரு."

கயல் ஒரு பச்சைச் சேலையை உதறி விரித்தாள். இப்படித்தான், நாலு நாளாக மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை, ஜாஸ்மின் சேலை பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியதாயிற்று.

"உன் பேப்பர்ல அந்த முப்பத்தொண்ணு."

"அதுக்கு இன்னா? பார்டர் பாரு, நல்லா கீதா?"

"அத ஆயா போடல. நான் போட்டேன். ஆயாவுக்குக் கண்ணு தெரியல, நான் படிக்கப் படிக்க அது மார்க் சொல்லும். அன்னிக்கு அது தூங்கிடுச்சு. எனக்கு பீச்சுக்குப் போகணும். பென்சில் ஒடஞ்சிடுச்சு. பேனாலப் போட்டுட்டேன்."

கயல் அடுத்த சேலையை விரித்தாள். அதற்கடுத்ததையும்.  மேடை நிறைந்துகொண்டே வந்தது.

"பென்சிலு ஒடஞ்சிடுச்சு" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"டீச்சரு என்ன வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன். முப்பத்தொண்ணுதான் நீ, இத்தோட போன்னு. நாலு மாசமா டெய்லி இந்தக் கடை மாடி ஏறும்போது அதான் தோணும். முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணுன்னு எண்ணிக்கினே ஏறுவேன். நீ வந்து பென்சிலு ஒடஞ்சிடுச்சுன்ற."

"உன் நாற்காலிய எடுக்க விடல. கடைசி வரைக்கும் நீ வருவன்னு சொல்லிச்சு."

கயல் குனிந்து கீழே எதையோ தேடினாள். ரொம்ப நேரம் தேடினாள். நிமிர்ந்தபோது முகம் கழுவின மாதிரி இருந்தது. ஆனால் குரல் மாறவில்லை.

"கடைசி ரெண்டு பக்கம் பாத்தியா?"

ஜாஸ்மின் ஒரு முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாக்கல."

"அதுல லைட் அவுஸ் கணக்கு போட்டுருந்தேன். அஞ்சு மார்க்கு. அது ரைட்டுன்னா முப்பத்தாறு. பாஸு."

"அந்தப் பேப்பர் இருக்கா?"

"கடல்ல வுட்டுட்டேன்."

கயல் இன்னொரு சேலையை எடுத்து மேடையில் போட்டாள்.

"நாளைக்குப் பூசைல குடுக்கற அட்டைல ஒரு வரி போடணும்" என்றாள் ஜாஸ்மின். "எந்தப் பிள்ளையையும் கைவிடாதன்னு. நீ சொன்னா போடறேன். வேணாம்னா போடல."

"அது உங்க வூட்டு அட்ட. போட்டுக்கோ, போடாம போ. எனுக்கு மார்க்கு வேணும்."

ஒரு புதுச் சேலைக்குள்ளிருந்த வெள்ளை அட்டையை உருவினாள். "பென்சில் வெச்சிருக்கியா? இல்ல, அதுவும் ஒடஞ்சிடுச்சா?"

ஜாஸ்மின் பையிலிருந்த துண்டுப் பென்சிலைக் கொடுத்தாள். கயல் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிளேடால் சீவிய முனையை விரலால் தொட்டுப் பார்த்தாள். சேலை மலைக்குப் பின்னால் குனிந்து எழுதத் தொடங்கினாள். படம் போட்டாள். படகைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.

"கயல், அந்தக் கஸ்டமர் எடுக்கறாங்களா இல்லியா?" என்று சூப்பர்வைசர் குரல் வந்தது.

"பாத்துக்கினு கீறாங்க சார்."

"பதினஞ்சு சேல விரிச்சிட்ட. லிஃப்ட்டாண்ட ஒரு பார்ட்டி வெயிட் பண்றாங்க, வா."

கயல் பாதியில் நிறுத்தி, அட்டையை நீட்டினாள். ஜாஸ்மின் கை வைத்ததும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நீ திருத்தாத. உன் கையால எனுக்கு மார்க்கு வேணாம். ஒருவாட்டி போட்டது போதும்."

"அப்ப யாரு?"

"யாராச்சும். அவசரமில்லாதவங்களா பாத்துக் குடு."

பென்சிலைத் திருப்பித் தரவில்லை. கொண்டையில் செருகிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போய்விட்டாள். மார்ச்சில் மறுபடி எழுதுவாளா, நாளைக்குப் பூசைக்கு வருவாளா, எதையும் கேட்க நேரமில்லை. ஜாஸ்மின் விரித்துக் கிடந்த சேலைகளில் நாலைந்தை மடிக்கப் பார்த்தாள். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை.

9

நாலே முக்காலுக்குப் பீர் முஹம்மதுக்குப் போன் செய்தாள்.

"மூணு வரியோட அடிச்சிடுங்க அங்கிள். நாலாவது எடம் காலியா இருக்கட்டும்."

"காலியா வுட்டா மை புடிக்கலன்னு என்னத்தான் சொல்வாங்க பாப்பா."

"பரவால்ல அங்கிள்."

மறுமுனையில் அவர் மிஷினை நிறுத்தினார். "சரி. டீச்சர் வூட்டு வேல. அந்த எடத்துல ஒரு கோடு இழுத்து வெக்கறேன். எழுதிக்கற மாரி."

மாமா நாளைக்குக் கேட்பார். அதற்கு முன் அம்மா கேட்பாள். இந்த நோட்டை மூடியதும் அடுத்த அறைக்குப் போய், அம்மாவை எழுப்பி, இதை அவள் கையில் கொடுக்க வேண்டும். பயமாக இருக்கிறது. முப்பத்திநாலை முப்பத்தொன்பதாக்க மூன்று நாள் எடுத்துக்கொண்ட வீடு இது. அம்மாவுக்கு எத்தனை நாள் பிடிக்குமோ தெரியாது.

அதனால் கதையின் முடிவை அவள் எழுதவில்லை. அவளுக்கு அந்த உரிமை இல்லை என்று கயல் சொல்லிவிட்டாள். சேலை அட்டையில் இருந்ததை ஓர் எழுத்து மாற்றாமல் கீழே காப்பி எடுத்திருக்கிறாள். கேள்வி இதுதான்: அறுபது மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து, கடலில் நிற்கும் ஒரு படகு 30° இறக்கக் கோணத்தில் தெரிகிறது. விளக்கத்தின் அடியிலிருந்து படகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? √3 = 1.732 என்று வைத்துக்கொள்ளலாம்.

படகு நிக்கிதுன்னு வெச்சிக்கிறேன்.

tan 30° = 60 / x

1 / √3 = 60 / x

x = 60 × √3

x = 60 × 1.732 =

இதோடு கூப்பிட்டுவிட்டார்கள்.

இவ்வளவு தூரம் படித்து வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு அவசரம் இல்லை என்று தெரிகிறது. ஐந்து மார்க் கணக்கு. எத்தனை போடலாம் என்று நீங்களே பார்த்துப் போடுங்கள்.

பென்சிலால்.

____ / 5